ஸ்பீக்கரை மாற்றும் முன் நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள்

(பெயரும் அடையாளமும் நீக்கப்பட்ட ஒரு கடிதத்துக்குக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் எழுதும் பதில்)

கடிதம் எழுதியவருக்கு வயது 62. பதினான்கு வயதில் அப்பாவின் வால்வு ரேடியோவைப் பிரித்துப் போட்டு அடி வாங்கியதிலிருந்து ஒலிக்கருவிகள்தான் அவருக்கு எல்லாம். இளவயதில் 11 வருடம் அச்சகத்தில் வேலை பார்த்தார். அப்புறம் 27 வருடமாக ஒரு பத்திரிகையில் உயர்ரக ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், டர்ன்டேபிள் ஆகியவற்றுக்கு விமர்சனம் எழுதி வருகிறார். அவர் எழுதியதை நம்பி வாங்குகிறவர்கள் உண்டு.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு நிறுவனம் விமர்சனத்துக்காக ஒரு ஜோடி ஸ்பீக்கரை இரவல் தந்திருக்கிறது. மூன்று வாரம் கேட்டுவிட்டு, ‘மேல்ஸ்தாயி பட்டாக வழுக்குகிறது’ என்று எழுதினார். விடுமுறைக்கு வந்த மகள் அதே ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்தாள். டிரம்ஸ்காரர் சிம்பலை இரண்டாவது முறை தட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “அப்பா, காதைக் கிழிக்குது. எப்படி இவ்வளவு நாள் கேட்டீங்க?” அடுத்த மாதம் மூன்று வாசகர்கள், பாடகர் ‘ஸ’ சொல்லும் இடமெல்லாம் சீறுகிறது என்று எழுதினார்கள். அவர் கைபேசியில் ஒலிச் சோதனை செய்து பார்த்தார். 9,000 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 9,000 அதிர்வு) மேல் ஒன்றுமே கேட்கவில்லை.

கேள்விகள் இவை. விமர்சனம் எழுதுவதை நிறுத்திவிட வேண்டுமா? வாசகர்களிடம் சொல்ல வேண்டுமா? பழைய விமர்சனங்களை என்ன செய்வது? காதுக்குக் கருவி மாட்டினால் சங்கீதம் போய்விடாதா? கூடவே தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் இரண்டு சமாதானங்கள்: இத்தனை வருடம் பழகிய காது அவ்வளவு எளிதில் மங்காது, வீட்டில் தட்டு கீழே விழுந்தால் மற்ற எல்லோரையும்விடத் தனக்குத்தான் அதிகமாகக் கூசுகிறது, எனவே காது இன்னும் கூர்மையாகத்தான் இருக்கிறது.

இனி உங்களிடமே பேசுகிறேன்.

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் விமர்சனத்தைப் பற்றிய கவலை. என் கண் நின்றது மூன்றாம் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு வரியில். ‘இரண்டு வருடமாகப் பாடகர் நடுவில் நிற்பதில்லை, வலப்பக்கம் ஒதுங்கியே பாடுகிறார். ஆம்ப், கேபிள் எல்லாம் மாற்றியாயிற்று, சரியாகவில்லை, அறையின் கோளாறு என்று நினைக்கிறேன். இடது காதில் ஒரு ஙொய் சத்தம் இருக்கிறது, அது பழகிவிட்டது.’ எனக்கு இதுதான் முதல் கேள்வி. மற்றவை ஒரு மாதம் காத்திருக்கலாம்.

முதலில் இடது காது

இன்று சாயங்காலமே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே ஒரு குரல் மட்டும் உள்ள பழைய மோனோ பதிவு ஒன்றை எடுத்து இரண்டு ஸ்பீக்கரிலும் விடுங்கள். மோனோ என்றால் இரண்டிலும் ஒரே ஒலி, குரல் நடுவில்தான் நிற்க வேண்டும். உங்களுக்கு அது வலப்பக்கம் ஒதுங்கும். இப்போது எந்த ஒயரையும் தொடாமல், உட்கார்ந்திருக்கும் நாற்காலியை மட்டும் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உட்காருங்கள். கோளாறு அறையிலோ ஸ்பீக்கரிலோ இருந்தால் குரல் அதே சுவர்ப் பக்கம்தான் நிற்கும். அந்தச் சுவர் இப்போது உங்கள் இடக்கைப் பக்கம் வந்திருக்கும். குரல் எதிர்ச் சுவருக்குத் தாவி, மறுபடியும் உங்கள் வலக்கைப் பக்கமே வந்து நின்றால் அறைமேல் பழி இல்லை. சந்தேகம் தீர ஹெட்போனில் அதே பாட்டைக் கேட்டுவிட்டு, இடது வலது மாற்றி மாட்டிக் கேளுங்கள். அப்போதும் வலப்பக்கமே என்றால் இடது காது குறைவாகக் கேட்கிறது என்றுதான் அர்த்தம்.

இரண்டு வருடத்தில் எத்தனை கேபிள் மாற்றினீர்களோ தெரியாது. எண்ணிப் பார்க்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. குரல் நடுவிலேயே நின்றாலும் நீங்கள் தப்பித்துவிட்டதாக அர்த்தமில்லை. இரண்டு காதுக்கும் உள்ள வித்தியாசம் மெதுவாக வளர்ந்தால் மூளை அதை ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். இந்தச் சோதனை உங்களை மருத்துவரிடம் கிளப்பிவிடுவதற்குத்தான், அவருக்குப் பதிலாக அல்ல.

வயதினால் வரும் கேள்திறன் குறைவு பெரும்பாலும் இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். ஒரு காது மட்டும் பின்தங்கி, அந்தக் காதிலேயே இரைச்சலும் இருந்தால் ‘வயசாச்சு’ என்று மூடிவைக்கக் கூடாது. கடிதத்தில் நீங்கள் குறிப்பிடும் நண்பர் அப்படிச் சொன்னது ஆறுதலுக்காக இருக்கலாம், ஆனால் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டிய ஆறுதல் அது. காரணம் மிக அற்பமாகவும் இருக்கலாம். காதழுக்கு இறுகிப்போயிருக்கலாம், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கலாம். அச்சகத்தில் எந்தக் காது இயந்திரத்தின் பக்கம் இருந்தது என்பதும் கணக்கில் வரும். மிகச் சிலருக்கு, காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் உறையில் ஒரு கட்டி வளர்ந்திருக்கும். அது புற்று அல்ல, பெரும்பாலும் மெதுவாக வளர்வது, ஆனால் சீக்கிரம் தெரிந்தால் கையாள எளிது. இரண்டு காதின் அளவுகளுக்கும் இடையே 15 டெசிபல் அளவில் தொடர்ந்து வேறுபாடு இருந்தால் எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கச் சொல்வது வழக்கம். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருக்காது என்று தெரிந்துகொள்வதற்கே அந்தப் படம்.

இன்னொன்று, இது உங்களுக்கு மட்டுமல்ல. இரண்டு வருடமாக மெதுவாகக் குறைவது வேறு. ஒரு காது திடீரென்று, ஒன்றிரண்டு நாளுக்குள் அடைத்துக்கொண்டு கேட்காமல் போவது வேறு. பின்னது அவசரம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். சளிதான், தானே விட்டுவிடும் என்று மூன்று வாரம் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரியும்.

தட்டு விழும் சத்தம் ஏன் கூசுகிறது

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. நீட்டினால் 35 மில்லிமீட்டர் வரும். அதன் வாசலில் மேல்ஸ்தாயி, உள்கோடியில் கீழ்ஸ்தாயி என்று ஒலிகள் இடம் பிரித்துக்கொள்கின்றன. ஒலியலை அதில் எப்படி ஓடுகிறது என்று காட்டியதற்காகத்தான் கியோர்க் ஃபான் பெக்கேசிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு காதில், ஒலியை உணர உதவும் சுமார் 3,500 உள்வரிசை மயிரணுக்களும் 12,000 வெளிவரிசை மயிரணுக்களும் உண்டு. பறவைகளுக்கு அவை அழிந்தால் மறுபடி முளைக்கும், மனிதருக்கு முளைக்காது. வாசல்படி முதலில் தேய்வது மாதிரி மேல்ஸ்தாயிப் பகுதிதான் முதலில் போகும்.

வெளிவரிசை அணுக்களின் வேலை மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுப்பது, சின்ன ஆம்ப்ளிஃபயர் மாதிரி. அவை போய்விட்டால் மெல்லிய ஒலி கேட்காது. பெரிய ஒலிக்கு அவற்றின் தயவு தேவையில்லை, அது பழையபடியே பெரிதாகக் கேட்கும். ஆக, ‘கேட்கவில்லை’ என்பதற்கும் ‘தாங்கவில்லை’ என்பதற்கும் நடுவில் இருந்த தூரம் சுருங்கிவிடுகிறது. சத்தம் கொஞ்சம் ஏறினாலே திடுக்கென்று ஏறிவிட்டது போலிருக்கும். தட்டு விழுந்ததும் உங்களுக்குக் கூசுவது இதனால்தான். அதைக் கூர்மைக்குச் சான்று என்று வைத்திருக்கிறீர்கள். நாங்கள் அதைத் தேய்மானத்தின் அறிகுறிகளில் ஒன்றாகக் குறித்துக்கொள்வோம்.

அடுத்து அந்த 9,000 ஹெர்ட்ஸ் கணக்கு. அதற்கு மேலே உள்ளது மட்டும் போய்விட்டது, கீழே எல்லாம் பத்திரம் என்ற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். கைபேசிச் சோதனையை நான் பெரிதாக நம்ப மாட்டேன், அதன் ஒலி அளவு எதுவும் சரிபார்த்து வைத்ததல்ல. ஆனால் 9,000இல் முழுக்க மறைகிறது என்றால், சரிவு அதற்கு வெகு கீழேயே தொடங்கியிருக்கும். காது எல்லைக்கோடு போட்டுவிட்டு நிற்காது. அதோடு அச்சகத்தில் 11 வருடம். இயந்திர இரைச்சல் முதலில் கடிக்கும் இடம் 4,000 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கம். கேள்திறனை வரைந்து காட்டும் ஆடியோகிராமில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்து, 8,000 பக்கம் கொஞ்சம் மேலே ஏறும். படத்தைப் பார்த்தாலே ‘எங்கே வேலை பார்த்தீர்கள்?’ என்று கேட்கத் தோன்றும். ‘ஸ’வின் சீறல் பெரும்பாலும் 5,000 முதல் 8,000 வரை. உங்கள் மகளுக்குக் கிழித்ததும் வாசகர்களுக்குச் சீறியதும் உங்களுக்குப் பட்டாக வழுக்கியதும் ஒரே இடமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

எல்லாம் போய்விட்டது என்று இடிந்துபோகவும் வேண்டாம். பியானோவின் கடைசிக் கட்டையின் ஆதார ஒலியே 4,186 ஹெர்ட்ஸ்தான். மனிதக் காதுக்குக் கேட்கும் 20இலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவைக்கும் ஒன்றாகப் பத்து ஸ்தாயி என்று வைத்துக்கொண்டால், 10,000க்கு மேலே இருப்பது அதில் கடைசி ஒன்று. அங்கே ராகம் இல்லை. சிம்பலின் மினுமினுப்பும் வில் நரம்பைத் தொடும் உரசலும் கூடத்தின் காற்றும் இருக்கின்றன. அவை ரசனைக்கு வேண்டியவைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் முழுக்க இழந்தது ஒரு ஓரம்.

மேல்ஸ்தாயியைத் தூக்கும் டிரெபிள் குமிழைக் கூட்டி வைத்துக் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் கூட்டினால் கொஞ்சம் பலன் இருக்கும். மயிரணுக்கள் முழுக்க அழிந்த பகுதிக்கு எவ்வளவு தள்ளினாலும் தெளிவு வராது, கரகரப்புத்தான் வரும். அந்தக் குமிழ் அந்த நிலையில் இருக்கும்போது எந்தக் கருவியையும் எடைபோடாதீர்கள்.

27 வருடப் பழக்கம்

பழகிய காது என்பது பொய்யல்ல. பழகுவது மூளை. எதைக் கவனிக்க வேண்டும், எந்த இடத்தில் பாஸ் (கீழ்ஸ்தாயி) குழம்பும், எந்த இடத்தில் தாளம் தளரும் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துபடி, உங்கள் மகளுக்கு அது வராது. ஆனால் மூளைக்குச் செய்தி போக வேண்டிய கம்பி அறுந்திருந்தால் மூளை என்ன செய்யும்? இருப்பதை வைத்து நிரப்பிக்கொள்ளும். மெதுவாக மங்கும் காதில் மிகச் சங்கடமான விஷயமே இதுதான்: குறைந்ததாகத் தெரியாது, அதுவே இயல்பு என்று ஆகிவிடும்.

ஃபிளாய்ட் டூல் என்ற பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்பீக்கர் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை ஆள் வைத்துக் கேட்கச் சொல்லி அளந்தவர். 1985இல் வெளியான அவருடைய ஆய்வில், கேள்திறன் குறைந்தவர்கள் ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுத்த மதிப்பெண் ஒரு தடவைக்கு இன்னொரு தடவை கூடுதலாக மாறிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவர்கள் அனுபவம் இல்லாதவர்கள் அல்லர். வயதான பிறகு தன் தீர்ப்பும் தடுமாறுவதைப் பார்த்து, கேட்கும் குழுவிலிருந்து தானே விலகிக்கொண்டதாக டூல் எழுதியிருக்கிறார். துறையை உருவாக்கியவரே இறங்கிக்கொண்டார் என்றால், நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதே டூல், ஷான் ஆலிவ் என்பவரோடு சேர்ந்து 1994இல் வெளியிட்ட இன்னொரு சோதனையில், ஸ்பீக்கரைத் திரைபோட்டு மறைத்தபோது ஒரு மதிப்பெண்ணும் கண்ணால் பார்த்தபோது வேறொரு மதிப்பெண்ணும் வந்தன. உருவமும் பெயரும் காதுக்குள் புகுந்துவிடுகின்றன. இருபது வயதுக் காதுக்கும் இது பொருந்தும். எனவே உங்கள் மகளின் சொல்லையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அவளையும் மறைத்து வைத்துத்தான் கேட்கச் சொல்ல வேண்டும்.

இரண்டு ஆம்ப்ளிஃபயரை ஒப்பிடும்போது ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து, 1,000 ஹெர்ட்ஸ் ஒலியில் வோல்டேஜைச் சமமாக்கிக்கொள்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சில்லை. 0.1 டெசிபலுக்குள் வரவேண்டும், அதாவது வோல்டேஜில் ஏறத்தாழ ஒரு சதவீதம். சற்றே சத்தம் கூடியது, சத்தம் கூடியதாகத் தெரியாது, ‘தெளிவாக’ இருப்பதாகத் தெரியும். அப்புறம் எது எதுவென்று உங்களுக்குத் தெரியாதபடி இன்னொருவரை மாற்றச் சொல்லி 16 தடவை கேளுங்கள். 12 தடவையாவது சரியாகச் சொன்னால் வித்தியாசம் உண்மையிலேயே கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். குருட்டாம்போக்கில் சொல்கிறவருக்கு அந்த எண்ணிக்கை வர நூற்றில் நான்குக்கும் குறைவான வாய்ப்புத்தான். இதைச் செய்துவிட்டால், எந்த வித்தியாசத்தைப் பற்றி நீங்கள் இன்னமும் எழுதலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று என்னைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

சத்தமாக வைத்தால்தான் பாஸ் வருகிறது என்று எழுதியிருப்பதில் ஒரு உண்மை இருக்கிறது. குறைந்த ஒலியில் மனிதக் காதுக்குக் கீழ்ஸ்தாயி குறைவாகத்தான் கேட்கும். பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். பழைய ஆம்ப்களில் ‘லவுட்னெஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்குமே, அது இதற்காகத்தான். அந்தப் பொத்தானை அழுத்துங்கள், ஒலியைக் கூட்டாதீர்கள். தொழிலிட இரைச்சலுக்கு அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் கணக்கு, 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 88 என்றால் 4 மணி, 94 என்றால் ஒரு மணி, 100 என்றால் 15 நிமிடம். நீங்கள் உட்காரும் இடத்தில் ஒலியளவு மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். உங்கள் ‘வழக்கமான’ ஒலி 92, 93 என்று வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

காதில் மாட்டும் கருவி

‘வாழ்நாள் முழுக்கப் பொறுக்கிச் சேர்த்ததை எல்லாம், கடைசியில் கடலை அளவு பிளாஸ்டிக் ஸ்பீக்கர் வழியாகக் கேட்கவா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். கேள்வி நியாயமானது, ஏனென்றால் இந்தக் கருவிகளைப் பேச்சுக்காகத்தான் செய்கிறார்கள். பேச்சு எழுந்து அடங்கும் அளவு ஒன்று, சங்கீதம் எழும் அளவு வேறு. பழைய கருவிகளின் மைக் 95 டெசிபலை ஒட்டியே முட்டிக்கொண்டு கரகரக்கும். கருவி விசிலடிக்காமல் தடுக்கும் பகுதி, புல்லாங்குழலின் நீண்ட ஸ்வரத்தை விசில் என்று நினைத்து அதை நசுக்கப் பார்க்கும், ஸ்வரம் தள்ளாடும். இரைச்சலைக் குறைக்கும் பகுதி தம்புராவையே இரைச்சல் என்று முடிவுகட்டும்.

எனவே பொருத்துபவரிடம் சங்கீதத்துக்கென்று தனி அமைப்பு கேளுங்கள்: இரைச்சல் குறைப்பு அணைந்திருக்க வேண்டும், விசில் தடுப்பு அணைந்தோ மிக மெதுவாகவோ இருக்க வேண்டும், ஒலிச் சுருக்கம் (மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள தூரத்தைக் குறைப்பது) மென்மையாக இருக்க வேண்டும், மேல்ஸ்தாயியைக் கீழே இழுத்துத் தரும் வசதி வேண்டவே வேண்டாம். உங்கள் கீழ்ஸ்தாயி நன்றாக இருக்கும்பட்சத்தில் காதை அடைக்காத, திறந்த வகை முனை பொருந்தும். அதில் பாஸ் நேரடியாக, உங்கள் ஸ்பீக்கரிலிருந்தே, காதுக்குள் போகும். குறைந்துபோன மேல்பகுதியை மட்டும் கருவி சேர்த்துக் கொடுக்கும். கடலை அளவு ஸ்பீக்கருக்கு அவ்வளவுதான் வேலை.

இளவயதுக் காது திரும்ப வராது. இந்தக் கருவிகள் பெரும்பாலும் 8,000, 10,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். முதல் வாரம் எல்லாமே தகரத்தில் தட்டுவது போலிருக்கும், செய்தித்தாள் மடிக்கும் சத்தம்கூட எரிச்சல் தரும். அது கருவியின் குற்றமில்லை, மேல்ஸ்தாயியை மூளை மறந்துபோயிருக்கிறது. சில வாரம் பொறுத்தால் தணியும். சோதனைக்காலம் தரும் இடத்திலேயே வாங்குங்கள். பொருத்தப் போகும்போது நீங்கள் நூறு தடவை கேட்ட மூன்று பதிவுகளைக் கையோடு எடுத்துப் போங்கள். ‘ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள், கேட்கிறதா?’ என்பதோடு அவர் முடித்துக்கொள்ள விடாதீர்கள்.

காதிரைச்சலுக்கும் இது பலருக்கு உதவுகிறது. வெளியிலிருந்து ஒலி போதுமான அளவு வந்தால், உள்ளே மூளை கூட்டி வைத்திருக்கும் ஒலி கொஞ்சம் பின்வாங்கும்.

என்னிடம் வந்த ஒரு வயலின் கலைஞருக்கு ஒரே ஸ்வரம் இரண்டு காதிலும் இரண்டு சுருதியாகக் கேட்டது. சுருதி கலைந்துவிட்டதாக வாத்தியத்தைத் திரும்பத் திரும்பப் பழுது பார்க்கக் கொடுத்துக்கொண்டிருந்தார். உங்களுக்கும் அப்படி ஏதாவது தோன்றினால் சோதனையின்போது சொல்லுங்கள், அதற்கும் பெயரும் காரணமும் உண்டு.

இனி எழுதுவது

முழுக்க நிறுத்திவிடலாம், அதில் அவமானமில்லை. எதுவும் சொல்லாமல் தொடரலாம். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூன்று வாசகர்கள் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள், நான்காவது ஆள் அச்சில் எழுதுவார். அதைவிட, இரவலாகக் கருவி தரும் நிறுவனத்துக்கும் இது அநியாயம். பட்டாக வழுக்குகிறது என்று ஒருவரைத் தூக்கிவிட்ட அதே காது, நல்ல ஸ்பீக்கர் ஒன்றை ‘மங்கல்’ என்று தள்ளியும் இருக்கலாம் அல்லவா?

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது. விமர்சனத்தில் ஆம்ப்ளிஃபயரின் அளவுகளைப் போடுகிறீர்கள். கேட்ட காதின் அளவையும் போடுங்கள். ‘எனக்கு இத்தனை ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை, மேல்ஸ்தாயி பற்றிய குறிப்பு இன்னொருவருடையது’ என்று இரண்டு வரி போதும். சோதனை அறிக்கையை அச்சிட வேண்டாம், அது உங்கள் உடல்நலத் தகவல், எவ்வளவு சொல்வது என்பது உங்கள் உரிமை. மேல்ஸ்தாயியை இளம் காது ஒன்றுக்கும் அளக்கும் மைக்குக்கும் கொடுத்துவிடுங்கள். பாஸ், தாளத்தின் பிடிமானம், மெல்லியதிலிருந்து உரத்ததற்கு ஏறும் விதம், சின்ன அறையில் எப்படி நடந்துகொள்கிறது, இரண்டு மாதம் புழங்கினால் எந்தக் குமிழ் தளர்கிறது என்பதெல்லாம் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. யாருக்கு எது பொருந்தும் என்று சொல்ல 27 வருடம் வேண்டும், மைக்கால் முடியாது. இடது வலது அமைப்பைப் பற்றி மட்டும், காதுச் சோதனை முடியும்வரை ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

எழுதுவதற்காகக் கேட்கும்போது கருவியைக் காதிலிருந்து கழற்றிவிடுங்கள். அதற்குள் ஒரு ஒலிச் சுருக்கி ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் குணத்தை ஆம்ப்ளிஃபயரின் குணம் என்று எழுதிவிடுவீர்கள். வேலை முடிந்து, உங்களுக்காகக் கேட்கும்போது தாராளமாக மாட்டிக்கொள்ளுங்கள்.

பழைய விமர்சனங்களில், எட்டு மாதத்துக்கு முந்தைய அந்த ஒன்றுக்குத் திருத்தம் வெளியிடுங்கள், அந்த நிறுவனத்துக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு. கடந்த நான்கைந்து வருடத்தில் எழுதியவற்றுக்குப் பொதுவாக ஒரு குறிப்பு போதும். அதற்கு முன்னால் உள்ளதை எல்லாம் தோண்ட வேண்டாம். உங்கள் காது எந்த வருடம் எவ்வளவு மங்கியது என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பத்திரிகையோடு உங்களுக்கு எழுத்துமூலம் ஒப்பந்தம் இருந்தால் ஆசிரியரிடம் முதலில் பேசிவிட்டு அறிவியுங்கள்.

இந்த வாரமே ஒரு காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பஞ்சுக்குச்சியால் காதைக் குடைந்துகொண்டு போகாதீர்கள், அழுக்கு இருந்தால் அவரே எடுப்பார். சோதனைக்கு முந்தைய நாள் சத்தமாகப் பாட்டுக் கேட்க வேண்டாம், அன்றைக்குக் காது களைத்து, அளவு தப்பாக வரும். வழக்கமான ஆடியோகிராம் 250இலிருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரை அளக்கும். 16,000 வரை அளக்கும் வசதி இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். அச்சகத்தில் வேலை பார்த்ததை, அவர் கேட்காவிட்டாலும், சொல்லிவிடுங்கள்.

ஆடியோகிராம் கைக்கு வந்ததும் ஒரு நகல் அனுப்புங்கள். நாற்காலியைத் திருப்பிப் போட்டபோது குரல் எந்தச் சுவருக்குப் போனது என்பதையும் அதன் ஓரத்தில் எழுதி அனுப்புங்கள்.